பதினான்கு ரூபாய் அரிவாள்

புது அரிவாளுக்கு ஒரு வாசனை உண்டு. துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் ஏதோ ஒரு கறுப்பு எண்ணெயைத் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றி, சணல் சாக்குக்குள் போட்டு அனுப்புவார்கள். அந்த எண்ணெயும் சாக்கும் மட்கிய தாளும் சேர்ந்த வாசனை ஒருமுறை விரலில் ஏறிவிட்டால், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் சோற்றில் கை வைக்கும்போது மூக்கில் வந்து நிற்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும் என்று சொன்னால் என் மகள் முகத்தைச் சுளிக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, பன்னிரண்டு வயதில் அந்த வாசனையோடு சேர்த்து ஒரு பயத்தையும் நான் விலை கொடுத்து வாங்கினேன் என்பது அவளுக்குத் தெரியாது.

அப்போது நாங்கள் அச்சன்புதூரில் குடியிருந்தோம். அப்பா புனலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் வேலை பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். நான் தென்காசியில் ஏழாம் வகுப்பு. தினமும் பஸ்ஸில் போய் வருவதால் வீட்டுக்கு வேண்டிய சாமான்களை வாங்கி வருவது என் வேலை, அதிலும் இரும்புச் சாமான் என்றால் தென்காசிக் கடைத்தெருவை விட்டால் வழி கிடையாது. அங்கே எதிரெதிராக இரண்டு இரும்புக் கடைகள் இருந்தன. ஒன்றில் கண்ணாடி அலமாரி, சீலிங் ஃபேன், வெள்ளைச் சட்டை போட்ட முதலாளி, ஏவினால் ஓடுவதற்கு நான்கு ஆட்கள். அதை நாங்கள் "பெரிய கடை" என்போம். எதிரே இருந்த "சின்னக் கடை"யில் ஞானமுத்து அண்ணாச்சி ஒருவர்தான். கம்பிச் சுருளுக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் நடுவே அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், சாமானை எல்லாம் அடுக்கிய பிறகு மிச்சம் இருந்த இடத்தில் அவரையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தோன்றும்.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. இரண்டு கடையிலும் விலை கேட்காமல் ஓர் ஆணிகூட வாங்கக் கூடாது. ஒரே கம்பெனி, ஒரே முத்திரை, ஒரே அட்டைப்பெட்டியில் வந்த பூட்டு பெரிய கடையில் நாற்பத்திரண்டு ரூபாய் என்றால் தெருவைக் கடந்ததும் முப்பத்தெட்டு ஆகிவிடும். எப்போதும் அப்படித்தான் என்றாவது இருந்து தொலைக்குமா என்றால் அதுவும் இல்லை. சுத்தியலுக்கும் குறட்டுக்கும் பெரிய கடையே மலிவாக இருக்கும். ஒரு கடையில் விலை கேட்டுவிட்டு நேரே எதிர்க்கடைக்குள் நுழைந்தால் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, யாரையோ தேடுவதுபோல நின்று, திரும்பி வந்து மற்றக் கடைக்குள் நுழைவேன். அவர்களுக்கு அது தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த விலை வித்தியாசத்துக்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெரிய கடைக்காரன் ஃபேன் சுற்றுகிற காசையும் நம் தலையில் கட்டுகிறான் என்பது அம்மாவின் கட்சி. கொத்தனார் வேலை பார்த்த மாமாவோ, சின்னக் கடையில் இரண்டாம் ரகத்தை முதல் ரகம் என்று விற்கிறார்கள் என்று சத்தியம் செய்வார். இரண்டையும் கேட்டு அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பூட்டு, கொண்டி, ஆணி எல்லாம் எங்கே மலிவோ அங்கே. "அறுக்குத சாமான்" மட்டும் பெரிய கடை. அறுக்கிற சாமானில் இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்தால் வயலில் போய் அழ வேண்டும் என்பாள், அவள் அழுதிருக்கிறாள் என்பதால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

அம்மா கதிர் அறுக்கப் போகிறவள். புரட்டாசியில் கார் நெல் அறுப்பும் மாசியில் பிசான நெல் அறுப்பும் வந்துவிட்டால் செல்லம்மக்கா என்பவரின் கூட்டத்தோடு வடகரைப் பக்கத்து வயல்களுக்குப் போவாள். நீங்கள் பெண்கள் கதிர் அறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, பத்துப் பன்னிரண்டு பேர் வயலின் ஒரு தலைப்பில் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு கை அகலம் எடுத்துக்கொண்டு, குனிந்தால் மறுதலைப்பு வரைக்கும் நிமிர மாட்டார்கள். ஒருத்தி பிந்தினால் அவள் பங்குக் கதிர் மட்டும் நடுவில் வாலாக நிற்கும், மற்றவர்கள் அவளுக்காகக் காத்து நிற்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் அந்த வால் எப்போதும் அம்மாவுடையது.

அம்மா இடக்கைக்காரி. ஊரில் அதற்குப் "பீச்சாங்கை" என்று பெயர், அந்தப் பெயரைச் சொல்லும்போதே மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்கள். சின்ன வயதில் அவளை அடித்தும் மிரட்டியும் சாப்பிடுவதற்கும், பெரியவர்களுக்கு ஒன்றை எடுத்துக் கொடுப்பதற்கும் வலது கையைப் பழக்கிவிட்டார்கள். ஆனால் பலம் வேண்டிய வேலை என்றால் இடது கைதான் முன்னால் வரும். வலது கையால் அறுக்கிறேன் என்று ஒரு வருஷம் வீம்பாக முயன்று, இடது ஆள்காட்டி விரலை எலும்பு தெரிய அறுத்துக்கொண்டாள். அதன்பிறகு செல்லம்மக்கா, முழங்கை யார் மேலும் இடிக்காமல் இருக்க அவளை வரிசையின் இடது ஓரத்தில் நிறுத்திவிட்டு, "நீ வாரபடி வா" என்று சொல்லிவிட்டார். அது பெருந்தன்மைதான், ஆனால் பெருந்தன்மைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த வருஷம் கார் அறுப்புக்கு முன்னால் செல்லம்மக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று, வயல்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், இந்த அறுப்பிலும் இப்படி இழுத்தால் அடுத்த அறுப்புக்குத் தன் தங்கை மகளைக் கூட்டிக்கொள்ளப்போவதாகத் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அறுப்புக்கூலியாக வரும் நெல்தான் எங்களுக்கு வருஷத்தில் பாதிச் சோறு. மறுநாள் காலையில் அம்மா, பெரிய கடையில் ஒரு நல்ல அரிவாள் வாங்கி வரும்படி இருபத்தைந்து ரூபாயை என் ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்தாள்.

ஆவணி கடைசிச் சனிக்கிழமை அது, பள்ளிக்கூடம் அரை நாள். பெரிய கடையில் கதிர் அரிவாள் சரியாக இருபத்தைந்து ரூபாய். வாங்கிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பழக்க தோஷம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து திரும்பிவந்து சின்னக் கடையில் கேட்டேன். அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமல் பதினான்கு என்றார்.

நான் நம்பவில்லை. வாங்கிப் பார்த்தேன். அதே வளைவு, அதே மரப்பிடி, பிடியின் கழுத்தில் அதே தகரப் பூண், பிடியில் சுட்டுவைத்த அதே முத்திரை. கதிர் அரிவாளின் உள்வளைவில் ரம்பம் மாதிரிப் பொடிப்பொடியாகப் பல் வெட்டியிருப்பார்கள், அதற்குக் "கருக்கு" என்று பெயர்; கருக்கும் புதுசாக, விரலைக் கடிக்கிற மாதிரி இருந்தது. எதற்காக இவ்வளவு மலிவு என்று கேட்டதற்கு அவர், "வேணும்னா எடு. ஆனா திருப்பிக் கொண்டாந்து அழக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். ஏதோ குறை இருக்கிறது என்று எந்தக் குழந்தைக்கும் புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. ஆனால் என் மனக்கண்ணில் பதினொரு ரூபாய் அதைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

அந்தப் பதினொரு ரூபாய் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் சீசன் முடியும் தறுவாய். எங்கெங்கிருந்தோ கார் போட்டு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு மங்குஸ்தான் பழத்தை உடைத்து உடைத்துத் தின்றுகொண்டு போவார்கள். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த நான் அதன் தோலைத்தான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு, அதன் ருசியைத் தினம் ஒரு விதமாகச் சொல்லி என்னைக் கொன்றுகொண்டிருந்தாள். அரிவாளைப் பைக்குள் போட்டுக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன். கூறு கட்டி வைத்திருந்ததில் சீசன் கழிசலாக இருந்த நான்கு பழம் கிடைத்தது. சாரலில் ஒரு புளியமரத்தடியில் நின்று, ஒருவருக்கும் தெரியாமல், நான்கையும் தின்றேன். உள்ளே வெள்ளைப் பூண்டு மாதிரிச் சுளை. அவ்வளவு இனிப்பை அதற்கு முன்னால் நான் தின்றதில்லை, நான்காவது பழத்தின்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, ருசியினாலா பயத்தினாலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. தோலின் சாயம் என் பள்ளிக்கூடச் சட்டையில் பட்டு, நாவல்பழம் பொறுக்கினாயா என்று வீட்டில் இரண்டு அடி விழுந்தது. அந்த அடியை நான் நன்றியோடு வாங்கிக்கொண்டேன்.

அம்மா அரிவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெரிய கடைச் சாமான் பெரிய கடைச் சாமான்தான் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறுப்பு. காலையிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான். அந்த அரிவாள் அறுக்காது, அம்மா பிந்துவாள், செல்லம்மக்கா தங்கை மகளைக் கூட்டி வருவார், பிறகு நாங்கள் நெல்லுக்கு எங்கே போவோம், அத்தனையும் நான்கு மங்குஸ்தானுக்காக. பத்து மணிக்குக் கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே போகும்போது, தூரத்திலிருந்தே வாலைத் தேடினேன். காணவில்லை. வரிசை ஒரே நேராகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால், இடது ஓரத்தில் அம்மா மற்றவர்களுக்கு ஒரு முழம் முன்னால் இருந்தாள். 'சர், சர்' என்று சத்தம் கேட்டது. அவள் இழுக்கவே இல்லை, அரிவாள் தானாகக் கதிருக்குள் போய் வருகிற மாதிரி இருந்தது. மறுதலைப்புக்கு முதலில் போய்ச் சேர்ந்து, நிமிர்ந்து, பின்னால் வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்படித் திரும்பிப் பார்க்கிற பாக்கியம் அவளுக்கு அதுவரை கிடைத்ததில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

எல்லோரும் அரிவாளை வாங்கிப் பார்த்தார்கள். எங்கே வாங்கினாய் என்று செல்லம்மக்கா கேட்க, அம்மா நெஞ்சை நிமிர்த்திப் பெரிய கடை, இருபத்தைந்து ரூபாய் என்றாள். நான் கஞ்சித் தூக்குக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நடந்தது வேடிக்கை. கூட்டத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகப் பெரிய கடைக்குப் போய் அதே அரிவாளை வாங்கினார்கள். திடீரென்று தன் அரிவாளுக்கு ஏன் இப்படி மவுசு வந்தது என்று முதலாளிக்கும் புரியவில்லை, புரியாவிட்டால் என்ன, மூன்று ரூபாய் ஏற்றினார். இருபத்தெட்டு கொடுத்து வாங்கியவர்களும், எப்போதும் அறுக்கிற மாதிரித்தான் அறுத்தார்கள் என்றாலும், விலைக்குத் தகுந்த சாமான் என்று புகழ்ந்துகொண்டார்கள். அந்தக் கார் அறுப்பு முழுக்க அம்மா மற்றவர்களுக்குச் சமமாக நெல் கொண்டுவந்தாள். சோறு தின்னும்போது, யார் எந்த வயலில் பிந்தினார்கள் என்று பேச ஆரம்பித்தாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற காரியத்தை எதற்குக் கெடுப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாசியில் பிசான அறுப்பு வந்தபோது அரிவாளின் கருக்கு தேய்ந்திருந்தது. வழக்கமாக ஆசாரியிடம் கொடுத்துப் புதுக் கருக்கு வெட்டி வாங்குவார்கள். அம்மா, புதுசே வாங்கிவிடுகிறேன் என்று தானே தென்காசிக்குப் போய், எதிர்க்கடையில் விலைகூடக் கேட்காமல், இருபத்தெட்டு ரூபாய் கொடுத்துப் பெரிய கடையில் வாங்கி வந்தாள். எங்கள் வீட்டுச் சட்டத்தை அவளே மீறியது அது ஒரு முறைதான். முதல் நாளே பிந்தினாள். இரண்டாம் நாள் இன்னும் பிந்தினாள். சாயங்காலம் கால் கழுவிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவள், இடது கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மட்டம் என்னமோ அதிர்ஷ்டம். என் கை இம்புட்டுத்தான்" என்றாள்.

அவள் அரிவாளைத் திட்டியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். கடைக்காரரைத் திட்டியிருந்தாலும் திறந்திருக்க மாட்டேன். தன் கையைச் சொன்னதும் என்னால் தாங்க முடியவில்லை. பதினான்கு ரூபாய், சின்னக் கடை, குற்றாலம் பஸ், நான்கு பழம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தேன். அடி வரவில்லை. அம்மா இரண்டு அரிவாள்களையும் எடுத்துவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. காலையில் பள்ளிக்கூடம் போக வேண்டாம், என்னோடு வா என்றாள்.

மறுநாள் நாங்கள் போனபோது ஞானமுத்து அண்ணாச்சி கடையைத் திறந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பதினான்கு ரூபாய் அரிவாள் என்று அம்மா ஆரம்பித்ததுமே அவர் கையெடுத்துக் கும்பிட்டார். வந்த மூட்டையில் அந்த ஒரு கட்டு மட்டும் மோசம், வாங்கிய நாலைந்து பேர் அறுக்கவே மாட்டேன் என்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து வைதுவிட்டுப் போனார்கள், அனுப்பியவனும் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறான், பாதி விலைக்கு வைத்தும் பாவத்தைச் சுமக்க முடியாமல் பழைய இரும்புக்குப் போடுவதற்காகச் சாக்கில் கட்டி வைத்துவிட்டேன் என்றார். உங்கள் பிள்ளையிடம் சொல்லித்தான் கொடுத்தேன் என்று என்னையும் சாட்சிக்கு இழுத்தார். அம்மா, ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டுங்கள் என்றாள்.

அவர் வேண்டாவெறுப்பாகச் சாக்கை அவிழ்த்தார். கண்ணாடிச் சாமான் வந்த பெட்டிக்குள் உடையாமல் இருக்க வைத்திருந்த வைக்கோல் கடை ஓரத்தில் கிடந்தது. அம்மா அதில் ஒரு பிடியை வலது கையில் இறுக்கிப் பிடித்து, இடது கையால் அரிவாளை வைத்து இழுத்தாள். வைக்கோல் இரண்டாகப் போயிற்று. அண்ணாச்சி அரிவாளை வாங்கித் தன் வலது கையால் இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும் இழுத்தார், மறுபடியும் வழுக்கியது. அம்மாவிடம் கொடுத்தார். அறுத்தது.

"நீங்க பீச்சாங்கையா தாயி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர் மாதிரி, "எடது கையா?" என்று மாற்றிக் கேட்டார்.

பிறகு உள்ளே போய் ஒரு நல்ல அரிவாளைக் கொண்டுவந்து, இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் புரட்டினார். அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். கருக்கை அரிவாள் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வெட்டுகிறார்கள், வலது கையில் பிடித்தால் அந்தப் பக்கம் தரையைப் பார்த்து வருகிற மாதிரி. அந்தக் கட்டில் இருந்தவற்றில் மட்டும் கருக்கு மறுபக்கத்தில் இருந்தது. வெட்டியவன் புது ஆளாக இருப்பான், தகட்டைக் கவிழ்த்துப் போட்டு வெட்டியிருக்கிறான் என்றார் அண்ணாச்சி. இருபது வருஷமாக அரிவாள் விற்கிறேன், இதைக் கவனித்ததில்லை என்று தலையில் தட்டிக்கொண்டார். அத்தனை வருஷமாக அம்மா அறுத்தது எல்லாம் கவிழ்ந்து கிடந்த கருக்கால். அதை வைத்துக்கொண்டு அவள் அந்த அளவுக்காவது அறுத்தாளே என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை, பெரியவளான பிறகுதான் தோன்றியது.

அண்ணாச்சி, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதும்போல் பதினான்கு கொடுத்தால் போதும் என்றார். ஓர் ஆணிக்காக இரண்டு கடை ஏறி இறங்குகிற அம்மா, பெரிய கடையின் பழைய விலையை மனதில் வைத்து இருபத்தைந்து ரூபாயை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அண்ணாச்சி பாக்கியை எடுக்கப் போனபோது கையால் தடுத்தாள்.

"கெட்ட அருவாளுக்குத்தான அண்ணாச்சி அந்த வெலை? இது கெட்டதில்லல்லா."

அண்ணாச்சி அந்தப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேசைக்குள் போட்டார்.

பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது நான் இன்னும் அடிக்குத்தான் காத்திருந்தேன். இலத்தூர் விலக்கு தாண்டியதும் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பழம் எப்படி இருந்தது என்று கேட்டாள். வெள்ளைப் பூண்டு மாதிரி இருக்கும், நல்ல இனிப்பு என்றேன்.

"எனக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கலாம்லாட்டி" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு நாலு அடி தேவலை. ஊர் வருகிற வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். அடுத்த சீசனில் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், என் உண்டியல் காசில், நான்கு பழம் வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப்பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

அண்ணாச்சி கடைக்குப் போன அன்று மத்தியானம் நாங்கள் வயலுக்குப் போனபோது அம்மாவின் இடத்தில் செல்லம்மக்காவின் தங்கை மகள் நின்றுகொண்டிருந்தாள். அம்மா சண்டை போடவில்லை. ஓரத்தில் ஒரு கை அகலம் மட்டும் கொடுங்கள், ஒரு தலைப்பு முடிகிற வரைக்கும் பாருங்கள் என்றாள். பார்த்தார்கள். மறுதலைப்பில் அம்மா முதலாவதாக நிமிர்ந்தபோது செல்லம்மக்கா அவளிடம் தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து நீட்டினார். அந்தப் பெண்ணையும் அனுப்பவில்லை, வரிசை ஓர் ஆள் நீளமாயிற்று.

அண்ணாச்சி மிச்சக் கட்டை அவிழ்த்துக் கடை வாசலில் தொங்கவிட்டு, "இடது கைக்கு" என்று அட்டையில் எழுதி வைத்தார், விலை இருபத்தைந்து. முதலில் சிரித்தார்கள். பிறகு வர ஆரம்பித்தார்கள். வடகரையிலிருந்து ஓர் அம்மா, ராயகிரியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர். அவ்வளவு பேர் நம் பக்கத்திலேயே கவிழ்ந்த கருக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வருஷா வருஷம் ஒரு கட்டை மாற்றி வெட்டி அனுப்பும்படி அண்ணாச்சி சொல்லி வாங்க ஆரம்பித்தார். அடுத்த வருஷமே பெரிய கடையிலும் வந்துவிட்டது. "ஸ்பெஷல்" என்று பெயர், இரண்டு ரூபாய் கூட.

இப்போது அச்சன்புதூர் வயல்களில் பெண்கள் வரிசை கிடையாது. மாசி வந்தால் அறுப்பு மிஷின் இறங்கி, ஒரு டீ ஆறுவதற்குள் ஒரு வயலை முடித்துவிட்டுப் போகிறது. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. அந்த வரிசையில் நின்றவர்களுடைய இடுப்பைக் கேட்டுப் பாருங்கள், மிஷினுக்கு மாலை போடச் சொல்லும். பெரிய கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். சின்னக் கடையை அண்ணாச்சியின் மகள் டைல்ஸ் போட்டு, மாடி எடுத்து நடத்துகிறாள். விலை கேட்பதற்காகப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து திரும்ப வேண்டியதில்லை, கடைக்குள் நின்றபடியே போனில் நாலு ஊர் விலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். மறைந்துபோனவற்றில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் தருவது ஒன்றுதான், "பீச்சாங்கை" என்ற அந்தப் பழைய பெயரைச் சொல்லி யாரும் இப்போது ஒரு பிள்ளையின் கையைத் தட்டிவிடுவதில்லை.

போன மாதம் அம்மாவைத் தென்காசியில் ஒரு பேங்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். கணக்கு தொடங்கிய காலத்தில், நாலு பேர் பார்க்கிற இடம் என்று பயந்து, அவள் வலது கையால் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது. இந்தத் தடவை படிவத்தை வாங்கியதும் யோசிக்காமல் பேனாவை இடது கையில் பிடித்து, தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதிக் கொடுத்தாள். கவுண்டரில் இருந்த இளம்பெண் திரையைப் பார்த்து, தாளைப் பார்த்து, கையெழுத்து ஒத்துவரவில்லையே ஆச்சி என்று தயக்கத்தோடு சொன்னாள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அது தப்பான கையால போட்டதும்மா. அதை எடுத்துட்டு இதை வச்சுக்கோ."

அந்தப் பெண் கையெழுத்தை மாற்றுவதற்கான படிவத்தை எடுத்து நீட்டி, பேனாவைத் திறந்து, அம்மாவின் இடது பக்கத்தில் வைத்தாள்.